விராடன் சபையில் ஓராண்டு

சென்ற வாரம் வந்த தபால்களில் ஒன்று நான்கு பக்கம் நீண்டிருந்தது. காவிரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து 68 வயது நிரம்பிய அம்மையார் ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார், ஆண்டில் பாதி நாள் சென்னையில் மகன் வீட்டில் வாசம். மகன் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மேலாளராக வந்து அமர்ந்தவருக்கு அந்தப் பிரிவின் வேலையே தெரியாதாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கமும் இல்லையாம். மேலிடத்தில் முடியாத கெடுவை ஒப்புக்கொண்டு வருவது, காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் சொல்வது, கணக்கு தவறிப் போனால் பத்துப் பேர் கூடியிருக்கும் கூட்டத்தில் "இவர் செய்த வேலை" என்று இந்தப் பிள்ளையைக் காட்டிவிடுவது. இப்படியே இரண்டு வருஷம்.

"என் பிள்ளை இரவு இரண்டு மணிக்கு எழுந்து கூடத்தில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறான். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான்" என்று எழுதிவிட்டு, அந்த அம்மையார் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். எந்தக் கோயிலில் என்ன பரிகாரம் செய்தால் அந்த மனிதருக்கு மாற்றல் வரும்? வேலையை விட்டுவிடு என்று தாயாகிய நான் சொல்லலாமா, கூடாதா? வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி இருக்கிறது என்பதையும் ஓரத்தில் சிறிய எழுத்தில் குறித்திருக்கிறார்.

இவ்வகைக் கடிதங்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர்களே. பிள்ளைகள் எழுதுவதில்லை, அவர்களுக்கு நேரம் ஏது!

கொடிய எசமானனைப் பற்றி நம் இதிகாசங்கள் நிறையப் பேசுகின்றன. இராவணனிடம் சிக்கிய மாரீசன், துரியோதனனிடம் கட்டுண்ட பீஷ்மர், துரோணர் என்று உதாரணங்களுக்குக் குறைவில்லை. ஆனால் இந்த அம்மையாரின் மகனுக்கு வாய்த்திருப்பவர் இராவணர் அல்லர். கெட்டவர் என்று கூடச் சொல்வதற்கில்லை. பதவி பெரிது, ஆள் சிறியவர், அவ்வளவுதான். இப்படிப்பட்டவரிடம் வேலை பார்ப்பது எப்படி என்று கேட்டால், நமக்குக் கைகொடுப்பது மகாபாரதத்தின் நான்காவது பருவமாகிய விராட பருவம்.

மழை பொய்த்தால் கோயில் மண்டபத்தில் விராட பருவம் வாசிக்க வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. நீங்களும் சிறு வயதில் பாட்டியின் அருகில் அமர்ந்து கேட்டிருப்பீர்கள். தாராபுரத்துக்காரர்களைக் கேட்டால் விராடபுரம் எங்கள் ஊர்தான் என்பார்கள். வடக்கே, ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூருக்கு அப்பால் உள்ள விராட்நகர்க்காரர்களும் அதையே சொல்வார்கள். அங்கே அசோகர் காலத்துக் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. ஊர் எதுவாயினும் ஆகுக. மழைக்காகப் படிக்கும் அந்தப் பருவத்தை உத்தியோகத்துக்காகவும் ஒருமுறை படிக்கலாம் என்பது அடியேன் கருத்து.

பன்னிரண்டு ஆண்டு வனவாசம் முடிந்து, பதின்மூன்றாம் ஆண்டை ஒருவர் கண்ணிலும் படாமல் கழிக்க வேண்டிய கட்டாயம் பாண்டவர்களுக்கு. மத்ஸ்ய நாட்டு அரசன் விராடனைத் தேர்ந்தெடுத்தவர் தருமபுத்திரரே. அவன் முதியவன், நற்குணம் உள்ளவன், கொடையாளி, நம்மிடம் அன்பும் உடையவன் என்று காரணமும் சொல்கிறார். அதாவது, நல்லவன் என்று தெரிந்தே போனார்கள். வல்லவனா என்ற கேள்விக்கு விடை பிறகுதான் தெரிந்தது.

புறப்படும் முன் குலப் புரோகிதராகிய தௌமியர் அவர்களை உட்கார வைத்து, அரசனிடம் சேவகம் செய்கிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஓர் அத்தியாயம் முழுவதும் உபதேசிக்கிறார். அரசர்களாகவே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவரிடம் கைகட்டி நின்று அறியாதவர்கள். ஆகையால் அவர் ஒன்றையும் விடவில்லை. அனுமதி பெறாமல் உள்ளே நுழையாதே. மற்றொருவன் ஆசைப்படக்கூடிய இருக்கையில் அமராதே. அரசனுக்கு நான் வேண்டியவன் என்ற எண்ணத்தில் அவனுடைய பல்லக்கிலோ யானையிலோ ஏறிவிடாதே. நேர் எதிரே உட்காராதே, பின்னாலும் நில்லாதே. பின்புறம் ஆயுதம் தாங்கிய காவலருக்கு உரியது. வலப்புறமோ இடப்புறமோ இரு. அவனைப் போலவே உடுத்தாதே. நான் சூரன், நான் புத்திசாலி என்று மார் தட்டாதே. சிரிக்கத்தக்கது நடந்தால் பித்தனைப் போல் உரக்கச் சிரிக்காதே. அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் செய்யாதே. மெல்லப் புன்னகை செய். வேறொருவனை அழைத்து வேலை ஏவும்போது நீ முந்தி எழுந்து "நான் செய்யட்டுமா" என்று கேள். எச்சில் உமிழ்வதில் எப்படி அடக்கம் வேண்டும் என்பதுவரை சொல்கிறார் அந்தப் பெரியவர்.

இவற்றுள் நான் திரும்பத் திரும்பப் படிப்பவை இரண்டு. அரசன் பொய் சொன்னதாகத் தெரிந்தாலும் அதை வெளியே போய்ப் பேசாதே என்பது ஒன்று. மரியாதை கிடைத்தபோது பூரிக்காமலும் அவமானம் நேர்ந்தபோது குலையாமலும் இருப்பவனே அரச மாளிகையில் நெடுநாள் வசிக்கத் தகுந்தவன் என்பது மற்றொன்று. இன்றைய அலுவலகத்தில் மதிய உணவு மேசையில் நடப்பதெல்லாம் முதல் உபதேசத்துக்கு நேர் விரோதம். மேலாளரின் அறியாமையைச் சொல்லிச் சிரித்து ஆறுதல் தேடுகிறார்கள். அந்த ஆறுதல் மாலைவரைகூட நிற்பதில்லை. பேச்சு மட்டும் போய்ச் சேர வேண்டிய காதுக்கு மறுநாள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

உபதேசத்தைக் கேட்டு முடித்த தருமர் தௌமியரை வணங்கி, எங்கள் அன்னை குந்தியும் மகாமதியான விதுரரும் தவிர வேறு யாரும் இவ்வாறு எங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்கிறார். ஒரு தாய் உத்தியோக விஷயத்தில் புத்தி சொல்லலாமா என்று கேட்ட அம்மையாருக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. குந்தி சொல்லியிருப்பாள் என்றுதான் தருமரே எண்ணினார்.

இனி விராடனைப் பார்ப்போம். கங்கன் என்ற பெயரில் சூதாட்டத் துணைவராகத் தருமர், மடைப்பள்ளியில் வல்லவனாக பீமன், அந்தப்புரத்தில் ஆடல் பாடல் கற்பிக்கும் பிருகன்னளையாக அருச்சுனன், குதிரை லாயத்தில் நகுலன், ஆநிரைகளுக்குச் சகதேவன், அரசி சுதேஷ்ணைக்குக் கூந்தல் அலங்கரிக்கும் சைரந்திரியாகத் திரௌபதி. உலகில் எந்த மன்னனுக்கும் வாய்க்காத ஊழியர்கள். ஒருவரையும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. மாறுவேடம் என்பதால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தன் அரண்மனையில் நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை என்பதும் உண்மை.

நாட்டை உண்மையில் நடத்தியவன் அரசியின் தம்பி கீசகன். சேனை அவன் கையில். அவன் திரௌபதியைத் துரத்திக்கொண்டு ராஜசபைக்கே வந்து, அரசன் பார்த்துக்கொண்டிருக்கையில் அவளை உதைத்தான். நீதி கேட்ட அவளிடம், உங்களுக்குள் என்ன வழக்கோ நான் அறியேன், முழு விவரம் தெரியாமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்று நழுவினான் விராடன். "விவரம் தெரியாது" என்பது திறமையற்ற தலைவர்களின் பழைய கேடயம். அந்தச் சபையில் கங்கனாக அமர்ந்திருந்த தருமர், நெற்றி வியர்க்க, நீ உள்ளே போ, ஆட்டத்துக்கு இடையூறு செய்யாதே என்று மனைவியிடமே கடுமையாகச் சொல்லி அனுப்புகிறார். ரகசியம் வெளிப்பட்டால் மீண்டும் பன்னிரண்டு ஆண்டு வனவாசம் என்ற அச்சம் அவருக்கு. காரணம் புரிகிறது, ஆயினும் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. பெரியவர்களும் இதைப் பற்றி வெகுகாலமாக வாதாடியே வந்திருக்கிறார்கள்.

அன்றிரவு மடைப்பள்ளிக்குச் சென்று பீமனை எழுப்பினாள் திரௌபதி. பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அதைக் கணக்குப் பிரிவில் பின்பற்ற இயலாது. ஆனால் அதற்கடுத்த கட்டத்தைக் கவனியுங்கள். கீசகனின் உறவினர்கள், இவளால்தானே அவன் மாண்டான், அவன் சிதையிலேயே இவளையும் இட்டு எரிக்கிறோம் என்று அனுமதி கேட்க, அவர்களுடைய பலத்துக்கு அஞ்சிய விராடன் சரி என்று தலையசைத்துவிட்டான். அவளையும் பீமனே மீட்டான். அதன் பிறகு அரசனுக்கு அவளைக் கண்டாலே நடுக்கம். வேலையிலிருந்து போகச் சொல்ல வேண்டும். நேரில் சொல்லத் துணிவில்லை. மனைவியிடம் சொல்லி, நீயே அவளிடம் சொல்லிவிடு என்கிறான். கசப்பான செய்தியை மற்றொருவர் வாயால் சொல்லி அனுப்பும் அதிகாரியை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். விராடன் அவர்களுக்கெல்லாம் மூதாதை. இன்னும் பதின்மூன்று நாள் பொறுத்துக்கொள்ளும்படி திரௌபதி கேட்டுக்கொள்கிறாள்.

அந்தப் பதின்மூன்று நாளை எண்ணிக்கொண்டே அவள் இருந்தாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாண்டவர்கள் விராடனை மாற்ற முயலவில்லை. அவன் திறமையற்றவன் என்பதால் தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. மடைப்பள்ளியில் சமையல் கெடவில்லை, லாயத்தில் குதிரை நோயுறவில்லை. அதே சமயம் அவனுடைய மடமையைத் தங்கள் தலையில் சுமந்துகொண்டு தூக்கம் கெடவும் இல்லை. இது ஓராண்டு, இத்தனை நாள் கழிந்தது, இத்தனை நாள் இருக்கிறது என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. எல்லை தெரியாத துன்பத்தைத்தான் மனிதனால் தாங்க முடிவதில்லை.

உத்தரகுமாரன் கதையைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பத்தியை யாரும் மன்னிக்க மாட்டார்கள். கௌரவர்கள் வடதிசையில் ஆநிரைகளைக் கவர்ந்துகொண்டு போகிறார்கள். அரசனோ தென்திசையில் வேறொரு போரில். நல்ல சாரதி மட்டும் கிடைத்தால் பீஷ்ம துரோணர்களை ஒரு கை பார்ப்பேன் என்று பெண்கள் நடுவே வீரம் பேசினான் இளவரசன் உத்தரன். சாரதியாகப் பிருகன்னளை வந்தாள். கடல்போல் நின்ற சேனையைக் கண்டதும் இளவரசன் தேரிலிருந்து குதித்து ஓடினான். அருச்சுனன் துரத்திப் பிடித்து இழுத்து வந்து என்ன செய்தான் தெரியுமா? ஏசவில்லை. "நீ கடிவாளத்தைப் பிடி, நான் போர் செய்கிறேன்" என்றான். அவனால் செய்யக்கூடிய வேலை எது என்று பார்த்து அதை அவன் கையில் கொடுத்தான். அன்று உத்தரன் தேரை நன்றாகவே ஓட்டினான்.

இதற்கு இணையான ஒன்றை நான் நேரில் கண்டிருக்கிறேன். அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளனாக நான் சேர்ந்த நாட்களில், எங்கள் பிரிவுக்கு வாய்த்த அதிகாரி எந்தக் கோப்பையும் படிக்க மாட்டார். ஓரத்தில் "பேசவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். போய்ப் பேசினால் வாயால் ஒன்று சொல்வார். பத்து நாள் கழித்து நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பார். பிரிவில் எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தோம். எங்கள் கண்காணிப்பாளர் மட்டும் கொதிக்கவில்லை. நெற்றியில் திருமண் துலங்க, நிதானமே உருவான மனிதர். அதிகாரியிடம் பேசிவிட்டு வந்தவுடன் குறிப்புத்தாளில் "நேரில் பேசப்பட்டது. இவ்வாறு செய்யலாம் என்று ஆணையிடப்பட்டது. ஒப்புதலுக்கு" என்று இரண்டு வரி எழுதி அன்று மாலையே சுருக்கொப்பத்துக்கு அனுப்பிவிடுவார். படிக்காமல் கையெழுத்திடும் பழக்கம் இங்கே நல்லதாகப் போயிற்று. பின்னர் தணிக்கை வந்தபோது அந்த இரண்டு வரிகள் எங்கள் பிரிவில் பலருடைய சம்பளத்தைக் காத்தன.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. முடிவெடுக்கத் தெரியாதவரிடம் "என்ன செய்யலாம்" என்று கேட்டுக்கொண்டு அவர் போகவே மாட்டார். இப்படிச் செய்யலாம், அல்லது அப்படிச் செய்யலாம் என்று இரண்டு வரைவுகளை எழுதிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார். ஒன்றைத் தொட்டுக்காட்ட யாராலும் முடியுமல்லவா? கடிவாளத்தைக் கையில் கொடுப்பது என்பது இதுதான்.

இன்று குறிப்புத்தாள் இல்லை, மின்னஞ்சல் இருக்கிறது. "ஐயா, தாங்கள் இன்று காலை கூறியபடி இந்தத் தொகையை இந்தத் தலைப்பில் சேர்க்கிறேன். மாற்றம் வேண்டுமாயின் மாலைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று பணிவாக, குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லாமல், ஒவ்வொரு முறையும் எழுதி வைக்க அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், அம்மா. கூட்டத்தில் பழி விழும்போது எதிர்த்துக் கூச்சலிட வேண்டாம். "அது பற்றிய கடிதப் போக்குவரத்து இருக்கிறது, எடுத்து அனுப்புகிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

அப்படியானால் வாய் திறக்காமலே இருந்துவிட வேண்டியதுதானா? கேட்காமல் ஆலோசனை சொல்லாதே என்கிறார் தௌமியர். திருவள்ளுவரோ அமைச்சு என்னும் அதிகாரத்தில், தலைவன் தானாகவும் அறியாமல் அறிந்தவர் சொல்லையும் தள்ளுகிறவனாக இருந்தாலும், அருகில் இருப்பவன் உறுதியானதை எடுத்துச் சொல்வது கடமை என்கிறார். இரண்டும் முரண்போலத் தோன்றும். தௌமியர் பேசியது ஒளிந்து வாழப் போகும் ஊழியர்களிடம்; வள்ளுவர் பேசுவது பொறுப்பு ஏற்றவரிடம். மேலாளர் கூட்டத்தை எப்படி நடத்துகிறார், எப்படி உடுத்துகிறார், யாரைப் புகழ்கிறார் என்பதெல்லாம் நம் பொறுப்பில் அடங்காதவை, அங்கே தௌமியர். கணக்கில் தவறு நுழைகிறது என்றால் அது கணக்கரின் பொறுப்பு, அங்கே வள்ளுவர். எதை நெருங்குவது, எதிலிருந்து விலகுவது என்பதற்கென்றே மன்னரைச் சேர்ந்தொழுகல் என்று ஓர் அதிகாரத்தை, எழுபதாவதாக, அவர் தனியே வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துப் பத்துப் பாடலையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உண்மையைச் சொன்னால் அடி விழுவதும் உண்டு. மகன் கௌரவர்களை வென்றான் என்று கேட்டு விராடன் ஊரை அலங்கரிக்கச் சொல்லிவிட்டு, கங்கனுடன் சூதாட உட்கார்ந்தான். மகனைப் புகழ்ந்து தீரவில்லை. பிருகன்னளை சாரதியாக இருக்கும்போது வெற்றிக்குக் கேட்பானேன் என்று கங்கர் சொல்ல, சினந்து கையிலிருந்த பகடையை அவர் முகத்தில் வீசினான். மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. அது தரையில் விழாமல் தருமர் தம் கையிலேயே ஏந்திக்கொண்டார். திரௌபதி ஓடிவந்து பொற்கிண்ணத்தில் நீர் கொண்டுவந்து பிடித்தாள். வாயிலில் உத்தரனும் பிருகன்னளையும் வந்து நிற்கிறார்கள் என்றதும், உத்தரனை மட்டும் உள்ளே விடு என்று காவலன் காதில் சொன்னார் தருமர். போர்க்களத்துக்கு வெளியே அண்ணன் உடலில் இரத்தம் வரச் செய்தவனை உயிருடன் விடுவதில்லை என்பது அருச்சுனன் சபதம். தம்மை அடித்தவனுடைய உயிரைத் தாம் அடிபட்ட அந்தக் கணத்திலேயே அவர் காத்தார்.

இதை நம் பிள்ளைகளிடம் சொல்லி நீயும் அப்படிப் பொறுத்துக்கொள் என்று சொல்லக் கூடாது. தருமருக்கு ஓராண்டு முடிந்திருந்தது. அடுத்து அவர் அரசராக எழப் போகிறவர். அந்தப் பொறுமைக்குப் பின்னால் காண்டீவம் இருந்தது. பொறுமையைப் பற்றி மட்டும் உபதேசித்துவிட்டுக் காண்டீவத்தை மறந்துவிடுவது நம்மைப் போன்ற முதியவர்களின் வழக்கம்.

காண்டீவம் அதுவரை எங்கே இருந்தது? ஊருக்கு வெளியே, மயானத்தின் அருகில், வன்னி மரத்தில். சேவகத்துக்குப் போகுமுன் எல்லா ஆயுதங்களையும் கட்டி அதில் பத்திரப்படுத்திவிட்டே நகருக்குள் நுழைந்தார்கள். விஜயதசமியன்று நாம் வன்னி மரத்தை வணங்குகிறோமே, அதனுடன் சேர்த்துச் சொல்லப்படும் கதை இதுதான். அந்தப் பிள்ளைக்கும் ஒரு வன்னி மரம் வேண்டும். படிப்புச் சான்றிதழ்கள், 14 ஆண்டு அனுபவத்தைத் தெளிவாகச் சொல்லும் ஒரு விவரக் குறிப்பு, தொழிலில் புதிதாக வந்திருக்கும் ஒன்றைக் கற்றுக்கொள்வது, பழைய நண்பர்களிடம் வேறு இடம் பற்றி விசாரித்து வைப்பது. இவை கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்று தெரிந்தாலே, மறுநாள் காலை அலுவலகப் படியேறும்போது கால் சற்றுத் திடமாக விழும்.

இனி அம்மையாரின் இரண்டாம் கேள்வி. திருதராட்டிரனிடம் விதுரர் எத்தனை முறை சொன்னார்! இரவெல்லாம் விழித்திருந்து சொன்னார். நீ சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் துரியோதனனைக் கண்டதும் என் மனம் மாறிவிடுகிறது என்பதே அந்த மன்னனின் பதில். ஒருமுறை கோபத்தில், உன் இஷ்டப்படி எங்கேயாவது போ என்று விரட்டியும் விட்டான். விதுரர் காம்யக வனத்துக்குப் போய்விட்டார். பிறகு அவனே வருந்திச் சஞ்சயனை அனுப்பி அழைக்க, திரும்பியும் வந்தார். திறமையின்மையையும் தடுமாற்றத்தையும் அவர் பொறுத்தார். ஆனால் துரியோதனன் வாயிலிருந்து இழிசொல் வந்து, அதர்மம் உறுதியாகிவிட்டது என்று கண்ட அன்று, வில்லை அரண்மனை வாயிலில் வைத்துவிட்டுத் தீர்த்த யாத்திரை புறப்பட்டார் என்கிறது பாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தம்.

விதுரருக்கு வீட்டுக் கடன் இல்லை. ஆகவே அடுத்த வேலை கைக்கு வந்த பிறகே இந்த வேலையை விடச் சொல்லுங்கள். அதற்கு ஆறு மாதமோ ஓராண்டோ தவணை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் இரண்டு நிலைகளில் தவணை பார்க்க வேண்டாம். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடு என்று மேலாளர் கேட்டால், அன்று அவர் விராடன் அல்லர். தவறு என்று தெரிந்தும் இராவணனுக்கு அஞ்சி மானாகப் போன மாரீசன் திரும்பி வரவில்லை. மற்றொன்று உடம்பு. இரவு இரண்டு மணிக்கு இருட்டில் உட்கார்ந்திருப்பது தொடர்ந்து நடக்கிறது, உணவும் செல்லவில்லை என்றால், கோயிலுக்குப் போகுமுன் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இது வெட்கப்பட வேண்டிய விஷயம் அன்று. வேண்டுமாயின் வேலையை அப்போதே விடட்டும். கடனைப் பற்றி வங்கியில் போய்ப் பேசலாம். தவணையைக் குறைத்து காலத்தை நீட்டித் தரும் வழி இருக்கிறதா என்று கேட்கலாம்.

வீட்டிலிருக்கும் நமக்கும் கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும். செருப்பைக் கழற்றும்போதே "இன்றைக்கு என்ன சொன்னான் அந்த மனுஷன்" என்று கேட்க வேண்டாம். எங்கள் காலத்தில் இதைவிட மோசமானவர்களிடம் முப்பது வருஷம் குப்பை கொட்டினோம் என்றும் சொல்ல வேண்டாம். அரசுப் பணியில் அதிகாரிக்கு மூன்று வருஷத்தில் மாற்றல் வந்துவிடும். நமக்கு ஓய்வூதியம் நிச்சயம். வேலை போகுமோ என்ற பயம் கிடையாது. இன்றைய பிள்ளைகள் நிற்கும் தரை வேறு. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் இதைப் பேசு பொருளாக்குவது எல்லாவற்றிலும் கெடுதல்.

பரிகாரம் கேட்டீர்களே, அம்மா. விராட நகரத்துக்குள் நுழையுமுன் தருமர் துர்க்கையைத் துதித்து நின்றதாகப் பாரதத்தின் பல பதிப்புகளில் காண்கிறோம். கீசகன் மாளிகைக்கு அனுப்பப்பட்ட திரௌபதி சூரியனை வேண்டினாள். அவளைக் காக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓர் அரக்கனைச் சூரியன் துணையாக அனுப்பினான். தாங்கள் இருக்கும் ஊருக்குப் பட்டீசுவரம் தூரமில்லை. செவ்வாய்க்கிழமை இராகு காலம், மாலை 3 மணி முதல் 4.30 வரை, துர்க்கை சந்நிதியில் ஒரு விளக்கு ஏற்றுங்கள். மகன் ஞாயிறு காலையில் சூரியனை நோக்கி நின்று ஆதித்ய ஹிருதயம் சொல்லட்டும். போர்க்களத்தில் சோர்ந்து நின்ற இராமபிரானுக்கு அகத்தியர் உபதேசித்தது அது. தருமரும் திரௌபதியும் விராடனை நீக்கும்படி வேண்டவில்லை. தங்களைக் காக்கும்படியே வேண்டினார்கள். தாங்களும் மாற்றல் கேட்காமல் மகனுக்குத் தெளிவும் தூக்கமும் கேளுங்கள்.

அந்த விராடன் கடைசியில் என்ன ஆனான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மை வெளிப்பட்ட பின் வெட்கிப் போனான். தன் மகள் உத்தரையை அபிமன்யுவுக்கு மணம் முடித்துக் கொடுத்தான். குருக்ஷேத்திரத்தில் முதல் நாளே உத்தரன் சல்லியன் கையால் வீழ்ந்தான். பதினைந்தாம் நாள் துரோணர் கையால் விராடனும் வீழ்ந்தான். இருவரும் பாண்டவர் பக்கம் நின்றே உயிர் விட்டார்கள். பரீட்சித்து மன்னன் அந்த உத்தரையின் பிள்ளை.

கடிதத்தில் மேலாளரின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். நட்சத்திரம் தெரியாவிட்டால் பெயரை மட்டும் சொன்னாலும் குருக்கள் அர்ச்சனை செய்வார். மகன் பெயருக்குச் செய்யும்போது அவர் பெயருக்கும் ஒன்று செய்துவிடுங்கள்.